பாடியே தீர வேண்டிய கூடம்

ஏலக்காய்க் கூடங்களில் மேற்பார்வைப் பொறுப்புக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

காயைத் தரம் பிரிப்பது பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அது கண்ணும் விரலும் தாமாகக் கற்றுக்கொள்ளும் வித்தை. ஒரு பருவம் கடந்தால் என்னைவிட நன்றாகவே உங்களுக்குக் கைவந்துவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் முப்பது பெண்களோடு எப்படி இருப்பது என்பதுதான் தானாக வராதது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் என் முதலாளி. மற்றவள் என் கீழ் வேலை பார்த்தவள், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். முதலாளியிடம் என் நன்றியை நேரில் சொல்ல முடியாமலே போயிற்று. அவளிடம் சொன்னேன், அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போடிக்கு ரயில் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்திய காலம் அது. மலையிலிருந்து காய் பொதிக்கழுதைகளின் முதுகிலும் ஆட்களின் தலையிலும் இறங்கி வரும். எங்கள் கூடத்து முற்றத்தில் அவிழ்த்துக் கொட்டினால், தெருமுனை வரை மணக்கும். நான் பத்தொன்பது வயதில் கணவனை இழந்தவள். பள்ளிக்கூடத்து ஆசிரியராயிருந்த என் தந்தை எனக்கு எழுத்தையும் இலக்கியத்தையும் கற்பித்து வைத்திருந்தார். படித்த பெண் ஒருத்தி கூடத்தில் இருந்தால் வெளியூர்க் கடிதங்களையும் படிக்கலாம், பெண்களையும் கண்காணிக்கலாம் என்று முதலாளி என்னை அழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படி ஓர் எண்ணம் தோன்றுவதற்கே மனம் விசாலமாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. காய் பொறுக்கும் நேரம் முழுவதும் பெண்கள் பாட வேண்டும். இதைக் கேட்டால் உங்களுக்கு இனிமையாகத் தோன்றக்கூடும், ஆனால் அதன் காரணம் இனிமையானதன்று. பாடுகிற வாயில் ஏலக்காயை ஒதுக்கி வைக்க முடியாது. அதற்காக முதலாளியின் தகப்பனார் ஏற்படுத்திய ஏற்பாடு அது. யாருடைய வாயாவது ஓய்ந்தால், கணக்கப்பிள்ளை அவள் முன்னால் வந்து நின்று, “வாயைத் தொற” என்பார். திறந்து காட்ட வேண்டும்.

நான் சேர்ந்தபோது இந்தச் சட்டம் எனக்கு உறுத்தவில்லை. பாட்டுகள்தாம் உறுத்தின. நாத்தனார், கொழுந்தன், கங்காணி, மலைக்குப் போய்த் திரும்பாத புருஷன் என்று வாய்க்கு வந்ததை அவர்களே கட்டிப் பாடினார்கள். யாப்பும் இல்லை, அடக்கமும் இல்லை என்று எனக்குத் தோன்றிற்று. பல ஆண்டுகள் கழித்து ஒரு முறை, இவற்றுக்குப் பதிலாகப் பக்திப் பாடல்கள் சிலவற்றை இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். மரியாதைக்குப் பாடினார்கள். கைகள் தூங்கின, குவியல்கள் கலந்தன. கடைசியில் வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, கோவிச்சுக்கிடாதீக. சாமி பாட்டுப் பாடுனா கை கும்பிடப் போகுது. காயைப் பொறுக்க மாட்டேங்குது.”

கூடமே சிரித்தது. அவள்தான் ஒச்சம்மாள். சிலமலையிலிருந்து நாள்தோறும் நடந்து வருகிறவள். அப்போது இருபது வயதிருக்கும். புதிய அடிகளைக் கட்டுகிறவள் பெரும்பாலும் அவளே. மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சில சமயம் தங்கள் அடியையும் சேர்ப்பார்கள். நான் என் பாடல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனாலும் மனத்துக்குள் நான் கற்றவள், அவள் கல்லாதவள் என்ற எண்ணம் நகரவில்லை.

அவளுக்குத் தகப்பன் இல்லை. தாயின் தம்பியான மாமன் அவளைக் கட்டிக்கொள்ள உரிமை கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், கெட்டவர் அல்லர். அவளுக்கு விருப்பமில்லை. கூடத்து வேலை இருந்ததால் அவளும் தாயும் யார் கையையும் எதிர்பாராமல் உண்டார்கள். அதனால்தான் அவளால் மறுக்க முடிந்தது. அந்த வேலை போனால் அடுப்பு மாமன் வீட்டுத் தானியத்தில்தான் எரியும். அதன் பிறகு மறுப்பு ஏது? தை மாதத்தில் முடித்துவிடுவது என்று அவர் நாளும் பார்த்து வைத்திருந்தார்.

ஐப்பசி மாதம், ஈரக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் இதைப் பாடினாள்:

*பச்சைக் காய ஒரு பக்கம் வச்சேன்
வெளுத்த காய ஒரு பக்கம் வச்சேன்
வெடிச்ச காய ஒரு பக்கம் வச்சேன்
மாமன் மகராசன
எந்தப் பக்கம் நான் வைக்க?*

உடனே மூலையிலிருந்து ஒருத்தி, முறத்தைச் சொளகு என்னும் எங்கள் ஊர்ப் பேச்சில், எடுத்துக் கொடுத்தாள்:

*சொளகுல போட்டுப் பொடச்சுப் பாரு
சொத்தையின்னாத் தானாப் பறக்கும்!*

ஒரு வாரத்துக்குள் அந்தப் பாட்டு சிலமலைக்கு நடந்துபோய்விட்டது. களையெடுக்கிற பெண்கள் பாடினார்கள்; தண்ணீர் இறைக்கிறவர்களும் பாடினார்கள். எட்டாம் நாள் காலையில் மாமன் கூடத்து வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, மிகுந்த கண்ணியத்தோடு வந்திருந்தார்.

“அம்மா, நீங்க படிச்சவுக. உங்களுக்கே இது நல்லாருக்கா? நான் சந்தைக்குப் போனா, ‘என்னப்பா, இன்னும் பறக்கலையா?’ன்னு கேக்குறாங்ய. அக்கா மக சோலிக்கு வரட்டும், நான் வேணாங்கல. வாய மட்டும் மூடிக்கிட்டு வரட்டும். இல்லேன்னா இன்னைக்கே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

தங்கைகளே, இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் மிக எளிதாக எடுத்தது இதுதான். மிகப் பெரிய தவறும் இதுதான். அவள் வேலை நிலைக்க வேண்டும். பாட்டு போனால் என்ன, பாட்டுத்தானே என்று கணக்கிட்டேன். “இனிப் பாடமாட்டாள். நான் பொறுப்பு” என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். உள்ளே வந்து ஒச்சம்மாளிடம், உன் நன்மைக்காகத்தான், கொஞ்ச நாள் பேசாமல் இரு என்றேன். அவள் என்னை ஏறிட்டாள். “சரிக்கா” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் இவ்வளவு எளிதாக இணங்கியதில் எனக்கு ஆறுதல்கூட உண்டாயிற்று.

மூன்று நாள் அவள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள், பொதி வந்திருக்கிறதென்று நான் முற்றத்துக்குப் போயிருந்தேன். ஒரு வாரம் கம்பத்துப் பக்கம் போயிருந்த கணக்கப்பிள்ளை அன்றுதான் திரும்பியிருந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் அசையாத வாய் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது பாட்டு நின்றிருந்தது. முப்பது பெண்களுக்கு நடுவில் ஒச்சம்மாள் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

“போதும், மூடிக்க” என்றார்.

அவள் மூடவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள். கண்களில் நீர் இல்லை, கோபம்கூட இல்லை. யாரும் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. பிறகு அவளாகவே பேசினாள்.

“அக்கா, மூடுன்னு சொன்னது நீங்க. தொறன்னு சொல்றது இவுக. ரெண்டுல எது என் சோலின்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. நான் அதைப் பாக்குறேன்.”

எனக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான செய்யுள்களில் ஒன்றுகூட அப்போது துணைக்கு வரவில்லை. அவள் கையிலிருந்த சொளகை, குழந்தையை மடியிலிருந்து இறக்குவதுபோல் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வெளியே போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் முதலாளியிடம் போனேன். அவர் ஒரு ராவுத்தர், வயதானவர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நடந்ததை என் தவறிலிருந்தே தொடங்கிச் சொன்னேன். கணக்கப்பிள்ளைமீது பழி போட எண்ணமில்லை. அவர் இருக்கிற சட்டப்படிதான் செய்தார். அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன்.

“அது எங்கத்தா வச்ச சட்டம்மா” என்றார்.

“தெரியும் அய்யா.”

“நீ எத்தனை வருசமா இங்க இருக்கே?”

“பதினான்கு வருடம்.”

“இந்தப் பதினாலு வருசத்துல எத்தனை வாயில சாமான் அகப்பட்டுச்சு?”

மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். “இரண்டு பேரிடம் அய்யா. ஒருத்தியிடம் வெற்றிலை. இன்னொருத்திக்குப் பல்வலி, கிராம்பு வைத்திருந்தாள்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் சிரித்தார். “ஏலக்காயே இல்லையா? அத்தா கேட்டா வருத்தப்படுவாரு.” பிறகு சிரிப்பு அடங்கியது. “சரி, எடுத்துரு. ஒரு மாசம் பாப்போம். காய் குறைஞ்சா நான் உன்னையத்தான் கேப்பேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அந்தாளு வந்து அவ வாயைக் கேட்டப்ப, அது உன்னோடதுன்னு நெனச்சா தூக்கிக் குடுத்தே?”

கடிந்து சொல்லவில்லை; தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவர்போலத்தான் கேட்டார்.

சிலமலைக்குப் போகிறேன் என்றதும், “என் வண்டியை எடுத்துட்டுப் போ. நடந்து போனா மன்னிப்புக் கேக்க வந்தவ மாதிரி இருக்கும்” என்றார்.

“மன்னிப்புக் கேட்கத்தான் அய்யா போகிறேன்.”

“அப்ப நடந்தே போ.”

நடந்தே போனேன். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. சமவெளியில் நல்ல வெளிச்சம். நிலக்கடலைக் காட்டில் ஒச்சம்மாள் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அது மாமனின் காடு. நான் பயந்தது ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. மாமனும் வரப்பில் நின்றிருந்தார்.

நான் முதலில் அவரிடம்தான் பேச வேண்டியிருந்தது. “அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன். என்னுடையதாயிருந்தால் காப்பாற்றியிருப்பேன். அவளுடையதை எடுத்து உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.”

“அப்ப ஊரு சிரிக்கட்டுங்கிறீகளா?” அவர் ஒச்சம்மாளை நோக்கிக் கை நீட்டினார். “அவளுக்கு என்னையப் புடிக்கலைன்னா என்கிட்டச் சொல்லலாம்ல? சந்தை வரைக்கும் போற மாதிரிப் பாடுனா எப்படி?”

ஒச்சம்மாள் கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“சொன்னேன் மாமா. பங்குனிப் பொங்கலுக்குச் சொன்னேன். ஆத்தா முன்னால சொன்னேன். கெணத்தடியில வச்சுச் சொன்னேன். மூணு வாட்டியும் நீங்க சிரிச்சீக. ‘சின்னப் பிள்ள, சரியாப் போகும்’னீக. பாடுன பெறகுதான் உங்களுக்குக் காதுல விழுந்துச்சு.”

மாமன் வரப்பில் கிடந்த துண்டை எடுத்தார், உதறினார், மறுபடியும் அங்கேயே போட்டார். நான் அங்கே நிற்பதையே மறந்தவர்போல வெகுநேரம் கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொத்தைன்னா பாடுனே என்னைய?” என்றார் கடைசியில். அதில் கோபம் இல்லை, காயம்தான் இருந்தது.

“அந்த அடி நான் கட்டலை மாமா. அது மூலையில இருந்து வந்துச்சு. நான் எந்தப் பக்கம் வைக்கன்னு கேட்டதோட நிறுத்திட்டேன். உங்களைச் சொத்தைன்னு நான் நெனச்சதில்ல. கட்டிக்கிட முடியாதுன்னுதான் நெனச்சேன்.”

அவர் ஏற்றத்துப் பக்கம் நடந்தார். பத்தடி போனதும் திரும்பிப் பாராமலே, “வெரசாக் கெளம்பு. வெயில்ல நடக்க விடாத அவுகள” என்றார். அனுமதி என்று அதற்குப் பெயர் வைக்க முடியுமோ என்னவோ. தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த வைகாசியில் தேவாரத்தில் ஒரு பெண்ணை அவர் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் கூடமே போயிருந்தது.

திரும்புகிற வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்; சட்டத்தை எடுத்துவிட்டதையும் சொன்னேன். அவள், “எனக்கு மட்டுமாக்கா, எல்லாருக்குமா?” என்று கேட்டாள். எல்லாருக்கும்தான், இனி யாரும் பாட வேண்டியதில்லை, யாரும் வாயைக் காட்ட வேண்டியதில்லை என்றேன். “அப்பச் சரி” என்றாள்.

மறுநாள் காலை கூடத்தில் அறிவித்தேன். மகிழ்ச்சி பொங்கும், பாட்டு வெள்ளமாக வரும் என்று எதிர்பார்த்தேன். வாழ்க்கை நாம் எதிர்பார்க்கிற செய்யுளை எழுதுவதில்லை. முப்பது பெண்களும் குனிந்து வேலை பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை. காய் சொளகில் உருளும் ஓசை மட்டும் கேட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. ஒச்சம்மாளும் பாடவில்லை.

கணக்கப்பிள்ளை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “என்னக்கா, காய்க் கூடமா எழவு வீடா? எழவு வீட்லகூட ரெண்டு பேரு பாடுவாளுக” என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? மெல்லப் போய், “ஏதாவது பாடுங்களேன்” என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நான் எடுத்துவிட்ட சட்டத்தை அன்பின் பெயரால் திரும்பக் கொண்டுவந்தவளாகியிருப்பேன். அதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டென்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள், பதினோரு ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்த கருப்பாயி என்பவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது என்னருகே நின்றாள். “அக்கா, ஒண்ணு சொல்லவா? எனக்குப் பாட்டே புடிக்காது. இத்தன வருசமா நான் வாயத்தான் அசச்சேன். இந்த மூணு நாளாத்தான் நிம்மதியா இருக்கு.”

அந்தப் பதினோரு ஆண்டுகளும் அவள் பாடுகிறாள் என்றே நான் நம்பியிருந்தேன். பாடுவதற்கு உரிமை கேட்பவர்களைப் பற்றி நான் புத்தகங்களில் நிறையப் படித்திருந்தேன். பாடாமலிருப்பதற்கு ஒருத்தி இத்தனை காலம் காத்திருந்தாள் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த மூன்று நாளும் காய்கள் சரியாகவே பிரிந்திருந்தன. ஒரு குவியலும் கலக்கவில்லை.

ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. அன்று முதலாளி ஒரு வெளியூர் வியாபாரியைக் காய் காட்டுவதற்காக அழைத்து வந்திருந்தார். இருவரும் வாசற்படியில் நின்றார்கள். நான் உள்ளே ஒரு குவியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், யாருக்கோ காதில் சொல்வதுபோல் தொடங்கி, ஒரு பாட்டு எழுந்தது.

*கண்ணாடிய மேல தள்ளி
காயைத்தானே பாக்குறாக
கண்ணு நெறஞ்சு நின்னாலும்
ஈரக் காயின்னு தள்ளுறாக!*

ஈரக் காயை நாங்கள் ஒதுக்கிவிடுவோம்; பூசணம் பிடிக்கும். அழுதுகொண்டு என் முன்னால் வந்து நின்றவர்களை நான் எத்தனை முறை அப்படி ஒதுக்கியிருக்கிறேன் என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரல்கள் ஏறின. அந்தக் கணத்தில் என் கை உண்மையாகவே மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி அதைக் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

முகம் சூடேறியதை மறைக்க முடியவில்லை. முதலாளியின் முன்னிலையில், ஓர் அந்நியரின் முன்னிலையில், என் கூடத்திலேயே என்னைப் பற்றி. மாமன் சந்தையில் பட்டது என்ன என்று எனக்கு அன்றுதான் முழுமையாகத் தெரிந்தது.

முதலாளி வாசலிலிருந்து கேட்டார். அவர் குரலில் கவலையும் இருந்தது. அதற்கு அடியில் என்னைச் சோதித்துப் பார்க்கும் தொனியும் இருந்தது. “ஏம்மா, நிறுத்தச் சொல்லவா?”

பாட்டு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒச்சம்மாள் பார்க்கவில்லை, குனிந்து காயைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் மட்டும் வேகம் குறைந்திருந்தன.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன்.

“வேண்டாம் அய்யா” என்றேன். அவர்கள் பக்கம் திரும்பினேன். “நன்றாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கிறது. அடுத்த அடி என்ன?”

ஒச்சம்மாள் நிமிர்ந்தாள்.

“இன்னும் கட்டலைக்கா. நீங்க ஏதாச்சும் செய்யுங்க, பாத்துட்டுக் கட்டுறோம்.”